புகழும் தகுதியும்: அனிமே, மங்கா படைப்புகளின் மிகைமதிப்பு குறித்து ஒரு திறனாய்வு நோக்கு

முன்னுரை

ஜப்பானியப் படக்கதைகளாகிய மங்காவும், அவற்றைத் தழுவியும் தனித்தும் உருவாகும் அசைவூட்டப் படங்களாகிய அனிமேயும் இன்று நம் மாணவர் பலரின் அன்றாட வாழ்வில் இடம்பெற்றுள்ளன. கதை, பாத்திரம், குறியீடு என்று நாம் வகுப்பில் பேசத் தொடங்கும்போது, அவர்கள் மனத்தில் முதலில் எழும் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் இவையே. இதனை ஆசிரியர்கள் இருவகையில் எதிர்கொள்கின்றனர். ஒரு சாரார் இவற்றைச் சிறுவர் பொழுதுபோக்கு என ஒதுக்கிவிடுகின்றனர். மற்றொரு சாரார், உலகெங்கும் புகழப்படுவனவற்றில் ஆழம் இருந்தே தீரும் என்று ஏற்றுக்கொள்கின்றனர். இவ்விரண்டும் படைப்பைப் படியாமலே வழங்கப்படும் தீர்ப்புகளாகும்.

இக்கலைகளின் சுவைஞர்களிடையே, புகழ்பெற்ற படைப்பு ஒன்றை 'மிகையாக மதிக்கப்பட்டது' என்று குறைகூறும் வழக்கம் பரவலாக உண்டு. ஆயின், அக்கூற்று பல வேளைகளில் 'எனக்குப் பிடிக்கவில்லை' என்பதன் மறுவடிவமாகவே நின்றுவிடுகிறது. அதனைத் திறனாய்வுக்குரிய சொல்லாக ஆக்க வேண்டுமெனில், எப்புகழ், படைப்பின் எக்கூற்றின் மீது, எச்சான்று கொண்டு சார்த்தப்பட்டது என்பதைக் காட்டுதல் வேண்டும். இக்கட்டுரையில் 'டெத் நோட்', 'நியோன் ஜெனிசிஸ் எவாஞ்சலியன்', 'கிமெட்சு நோ யாய்பா' ஆகிய மூன்று படைப்புகளை இந்நோக்கில் ஆராய்வோம். மிகைமதிப்பு என்பது பெரும்பாலும் அளவில் நேரும் பிழையன்று. இடத்தில் நேரும் பிழையே என்பது நம் கருத்தாகும். இம்மூன்றும் புகழத்தக்கவையே. எனினும், அவை எதற்காகப் புகழப்படுகின்றனவோ அது அவற்றின் உண்மையான வலிமையன்று.

புகழ் உருவாகும் முறை

மங்காவின் புகழ் எங்குத் தோன்றுகிறது என்பதை முதலில் அறிதல் நலம். 1968ஆம் ஆண்டு சுயெய்ஷா நிறுவனம் தொடங்கிய 'ஷோனென் ஜம்ப்' இதழில் ஒவ்வொரு வாரமும் பல தொடர்கதைகளின் அத்தியாயங்கள் ஒருங்கே வெளிவருகின்றன. தமக்குப் பிடித்த கதைகளை வாசகர்கள் இதழுடன் இணைந்த அஞ்சலட்டையில் குறித்து அனுப்புவது அவ்விதழின் நெடுங்கால வழக்கம். அவ்வாக்குகள் குறையின் தொடர் விரைவில் முடிக்கப்படும், மிகின் நீளும்.

இம்முறை கதையாசிரியரை வாசகரோடு நெருக்கமாகப் பிணைத்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவ்வாக்கு அளப்பது அவ்வாரத்து அத்தியாயத்தை மட்டுமே. ஒரு கதை தொடங்கிய வினாவை இறுதியில் விடுவித்ததா, பாத்திரங்கள் வளர்ந்தனவா என்பன அதன் அளவுகோலுக்குள் வருவன அல்ல. எனவே, வாரந்தோறும் திரண்ட ஆர்வம் முழுப் படைப்பின் தகுதியாகப் பின்னர்க் கணக்கிடப்படும்போது முதல் வழுவல் நேர்கிறது.

'டெத் நோட்': அறவினாவா, ஆட்டமா?

ஓபா ட்சுகுமி எழுத, ஓபாத்தா தக்கேஷி வரைந்த 'டெத் நோட்', 2003 டிசம்பர் முதல் 2006 மே வரை ஷோனென் ஜம்ப் இதழில் 108 அத்தியாயங்களாக வெளிவந்தது. பெயரெழுதப்பட்டவர் இறக்கும் ஆற்றலுடைய ஏடொன்று லைட் யாகாமி எனும் மாணவனின் கையில் கிடைக்கிறது. அதைக்கொண்டு குற்றவாளிகளைக் கொன்று புதிய உலகம் படைக்க அவன் முனைகிறான். எல் எனும் துப்பறிவாளன் அவனைத் தேடுகிறான். நீதி, தண்டனை, அதிகாரம் ஆகியவற்றை ஆழ்ந்து விசாரிக்கும் படைப்பு என்பதே இதற்கு வழங்கும் பெரும்புகழாகும்.

கதையைக் கூர்ந்து நோக்கின், அவ்விசாரணை மிக விரைவில் கைவிடப்படுவதைக் காணலாம். முதல் அத்தியாயத்தில், தான் கொன்றுவிட்டதை உணர்ந்த லைட் நடுங்குகிறான். அந்நடுக்கம் சில பக்கங்களிலேயே அடங்கிவிடுகிறது. அவனால் கொல்லப்படுவோருள் பெரும்பாலோர் வெறும் பெயர்களாகவே வந்து போகின்றனர். அவர்களுக்குக் குடும்பமோ கடந்த காலமோ கதையில் இல்லை. தன்னைத் தேடும் அதிகாரிகளையும் லைட் கொல்லத் தொடங்கிய பின்னர், 'இது சரியா?' என்ற வினாவின் இடத்தை 'யார் வெல்வார்?' என்ற வினா பற்றிக்கொள்கிறது.

லைட்டின் தந்தை இறக்கும் காட்சி இதற்குத் தக்க சான்றாகும். நேர்மையான காவல் அதிகாரியாகிய அவர், மகன் குற்றமற்றவன் என்ற நிறைவோடு உயிர் துறக்கிறார். மகனோ, எதிரியின் பெயரை ஏட்டில் எழுதிவிடுமாறு அவரை அந்நிலையிலும் மன்றாடுகிறான். அறவினா முழு வலிமையோடு எழுந்திருக்க வேண்டிய இடம் இது. கதையோ அதனை ஆட்டத்தின் மற்றொரு நகர்வாக்கிக் கடந்து செல்கிறது. இறுதி மோதலில், லைட் வெறும் கொலையாளியே என்று நியர் கூறுவதும், சரி தவறு பற்றி அவன் மொழிவனவும் பொருளுடையவை. எனினும் அவை நூறு அத்தியாயங்களுக்குப் பின்னர் வரும் சில பக்கங்களே. 58ஆம் அத்தியாயத்தில் எல் மறைந்த பின்னர்க் கதை தளர்ந்ததாகப் பலர் கூறுவதற்கும் இதுவே காரணம் எனலாம். அறவினாவே கதையின் உயிராக இருந்திருப்பின், ஓர் ஆட்டக்காரனின் மறைவு அதனை அவ்வளவு தளர்த்தியிராது.

உராசாவா நாவோக்கியின் 'மான்ஸ்டர்' இதனோடு ஒப்பிடத்தக்கது. அது 1994 முதல் 2001 வரை, வளர்ந்தோருக்கென மாதம் இருமுறை வெளிவரும் 'பிக் காமிக் ஒரிஜினல்' இதழில் வந்த தொடராகும். ஜெர்மனியில் பணிபுரியும் மருத்துவர் தென்மா, மேலிடத்தின் ஆணையை மீறி, நகரத் தலைவருக்கு முன்னர் வந்து சேர்ந்த சிறுவனுக்கு அறுவை செய்து காக்கிறார். ஆண்டுகள் கடந்த பின், அச்சிறுவன் கொடுங்கொலையாளியாக வளர்ந்திருப்பதை அறிகிறார். எல்லா உயிரும் ஒரே மதிப்புடையனவா எனும் வினா ஒவ்வொரு கட்டத்திலும் அவரைத் தொடர்கிறது. இறுதியில், அதே மனிதன் மீண்டும் அவர்முன் குற்றுயிராகக் கிடக்கிறான். அவர் மீண்டும் அறுவைக் கத்தியை எடுக்கிறார். தொடக்கத்தில் எழுந்த வினா விலை கொடுத்து விடையளிக்கப்படுகிறது. அறவிசாரணை என்ற பெயருக்கு உரியது இதுவே. 'டெத் நோட்' இதற்குத் தாழ்ந்தது என்பது நம் கூற்றன்று. விதிகளை முன்னரே வகுத்துக்கொண்டு, அவ்விதிகளுக்குள் இருவர் அறிவுப்போர் நிகழ்த்தும் புதிர்க்கதையாக அதற்கு நிகரானவை சிலவே. அப்புகழே அதற்கு உரியது.

'எவாஞ்சலியன்': குறியீடும் மனநிலையும்

அன்னோ ஹிதெயாகி இயக்கிய 'நியோன் ஜெனிசிஸ் எவாஞ்சலியன்', 1995 அக்டோபர் முதல் 1996 மார்ச் வரை 26 பகுதிகளாக டோக்கியோ தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. சிலுவை வடிவ வெடிப்புகள், ஆதாம், லிலித், லோஞ்சினஸின் ஈட்டி என யூத, கிறித்துவ மரபுச் சின்னங்கள் அதில் நிறைந்துள்ளன. இவற்றை வைத்து அதனை ஆழ்ந்த மெய்ப்பொருள் படைப்பு என்று போற்றும் விளக்கங்கள் ஏராளமாக எழுந்துள்ளன. இச்சின்னங்களுக்கு ஒருங்கிணைந்த பொருள் காண நாமும் நெடுநாள் முயன்றதுண்டு.

இம்முயற்சி பயனற்றது என்பதற்குப் படைப்பாளர் தரப்பிலேயே சான்று உள்ளது. துணை இயக்குநர் ட்சுருமாக்கி கசுயா பின்னர் அளித்த விளக்கத்தின்படி, பேரியந்திரக் கதைகள் மலிந்த சூழலில் தம் படைப்பை வேறுபடுத்திக் காட்டவும், ஜப்பானியருக்குப் பழக்கமற்ற மரபின் புதிர்த்தன்மையைப் பயன்படுத்தவுமே இச்சின்னங்கள் சேர்க்கப்பட்டன. அவற்றில் கிறித்துவப் பொருள் எதுவும் கருதப்படவில்லை. படைப்பாளி கருதாத பொருளும் படைப்பில் அமையலாம் என்பது உண்மையே. ஆயினும், அவ்வாறு அமைந்திருப்பின் அது கதையின் நிகழ்வுகளோடு பொருந்தி நிற்றல் வேண்டும். நம் அகப்பாடல்களின் உள்ளுறையில் கருப்பொருள் ஒவ்வொன்றும் மாந்தர் நிலையோடு இயைந்து நிற்பதை நாம் அறிவோம். சிலுவை வடிவில் எழும் வெடிப்பை வட்டமாக மாற்றினும் எவாஞ்சலியனின் கதையில் ஒன்றும் குறையாது. எனவே அது குறியீடு அன்று, அணியே.

அத்தொடரின் உண்மையான ஆற்றல் வேறிடத்தில் உள்ளது. அன்னோ தாம் நெடுநாள் மனச்சோர்வில் இருந்த பின்னரே இதனை உருவாக்கினார். தந்தையால் கைவிடப்பட்ட ஷிஞ்சி, அன்பை நாடியும் நெருங்க அஞ்சியும் தவிக்கும் நிலை அனிமேயில் அரிதாகவே இவ்வளவு நேர்மையுடன் காட்டப்பட்டுள்ளது. 24ஆம் பகுதியில், தன்னை நேசிப்பதாகக் கூறிய ஒரே நண்பனாகிய கவோருவைக் கையில் பற்றியபடி, கொல்வதா விடுவதா எனத் தெரியாமல் ஷிஞ்சி நிற்கும் காட்சி ஏறத்தாழ ஒரு நிமிடம் அசைவின்றி நிலைக்கிறது. பேச்சில்லை, அசைவில்லை, பேத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனி மட்டும் ஒலிக்கிறது. அங்குத் தோன்றும் மெய்ப்பாட்டிற்கு எந்தச் சின்னத்தின் துணையும் தேவைப்படவில்லை. சின்னங்களைப் புகழ்வோர் இந்நிமிடத்தை மறைத்துவிடுகின்றனர் என்பதே நம் குறை.

'கிமெட்சு நோ யாய்பா': கதையின் புகழும் கைத்திறனின் புகழும்

கொத்தோகே கொயொஹாருவின் இம்மங்கா, ஆங்கிலத்தில் 'டீமன் ஸ்லேயர்' என வழங்குவது. 2016 முதல் 2020 வரை ஷோனென் ஜம்ப் இதழில் 205 அத்தியாயங்களாக வந்து, 23 தொகுதிகளில் நிறைவுற்றது. 2019ஆம் ஆண்டு யுஃபோடேபிள் நிறுவனம் இதனைத் தொலைக்காட்சித் தொடராக்கிய பின்னரே நூல் விற்பனை பன்மடங்கு பெருகியது. 2020 அக்டோபரில் வெளியான 'முகென் ரயில்' திரைப்படம், 2001ஆம் ஆண்டு முதல் 'ஸ்பிரிட்டட் அவே' வகித்து வந்த ஜப்பானிய வசூல் முதலிடத்தை அவ்வாண்டு இறுதிக்குள் கைப்பற்றியது.

புகழின் வரலாறே அதன் காரணத்தைச் சுட்டுகிறது. தொடரின் 19ஆம் பகுதியில், சிலந்திப் பேய் ருயியுடன் பொரும் தஞ்சிரோவின் வாள்வீச்சு நீரலையிலிருந்து நெருப்பாக மாறுகிறது. மங்காவில் சில பக்கங்களில் முடியும் அக்காட்சி, தூரிகைக் கோடுகளாலும் ஒளியாலும் இசையாலும் மறக்கவியலாத அனுபவமாகிவிடுகிறது. அலைகளின் வடிவம் பழைய ஜப்பானிய மரக்கட்டை ஓவியங்களை நினைவூட்டுகிறது. இது அசைவூட்டக் கலைஞர்களின் வெற்றி. அவ்வெற்றி கதைப்பின்னலின் வெற்றியாகப் பின்னர்ப் பேசப்படுவதே மிகை.

கதைப்பின்னலில் ஒரே அச்சு மீண்டும் மீண்டும் வருகிறது. பேய் வீழ்கிறது, வீழும் கணத்தில் அதன் மனித வாழ்வின் துயரம் விரிகிறது, தஞ்சிரோ இரங்குகிறான். முதன்முறை இது நெஞ்சைத் தொடுகிறது. ருயி, கியூத்தாரோ, அக்காசா என அடுக்கி வரும்போது, இறக்கப்போகும் பகைவனுக்கு இனி ஒரு பழங்கதை வரும் என்று வாசகன் எதிர்பார்க்கத் தொடங்கிவிடுகிறான். தஞ்சிரோவின் இரக்கமும் தொடக்கத்தில் எவ்வாறு இருந்ததோ இறுதியிலும் அவ்வாறே உள்ளது. அது ஒருபோதும் ஐயத்திற்கு உள்ளாவதில்லை. எனினும், இம்மங்காவுக்கே உரிய புகழ் ஒன்று உண்டு. 'நருட்டோ' 72 தொகுதிகளும் 'பிளீச்' 74 தொகுதிகளும் நீண்ட இதழ்ச் சூழலில், புகழின் உச்சியில் இருந்தபோதே 23 தொகுதிகளில் கதையை முடித்த துணிவு பெரிது. அதனைப் பாராட்டுவோர் குறைவே.

ஒரு மறுப்பும் விடையும்

பெருந்திரளான வாசகர்கள் விரும்பியதைக் குறைகூறத் திறனாய்வாளர்க்கு என்ன உரிமை என்று வினவலாம். இவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. மக்கள் விருப்பம் பொய்யன்று. அவர்கள் ஏதோ ஒன்றை மெய்யாகவே பெற்றுள்ளனர். அப்படிப் பெற்றது இன்னதெனக் கண்டு பெயரிடுவதே திறனாய்வின் பணி. 'டெத் நோட்' படித்த இளைஞன் பெற்றது அறிவாட்டத்தின் இன்பம். அதனை அறநெறி ஆய்வு என்று அவன் கருதிக்கொண்டால், உண்மையான அறவினாவைச் சந்திக்கும்போது அதனை அடையாளம் காணும் திறனை இழக்கிறான். மிகைமதிப்பினால் விளையும் கேடு இதுவே. அது ஒரு படைப்புக்குக் கூடுதல் பெருமை தருவதோடு நில்லாது, சுவைப்பவனின் அளவுகோலையும் மழுங்கச் செய்கிறது.

முடிவுரை

மேற்கண்ட மூன்று படைப்புகளிலும் புகழ் இடம் மாறி அமைந்திருப்பதைக் கண்டோம். ஆட்டம் அறமாகவும், அணி குறியீடாகவும், கைத்திறன் கதைத்திறனாகவும் கொள்ளப்பட்டுள்ளன. இப்படைப்புகளை வகுப்பில் மாணவர் எடுத்துரைக்கும்போது, அவற்றை விலக்கவும் வேண்டா, வியக்கவும் வேண்டா. 'இதில் உனக்குப் பிடித்த இடம் எது? அவ்விடத்தில் உன்னைத் தொட்டது எது? அதனை நீக்கினால் கதையில் என்ன குறையும்?' எனும் மூன்று வினாக்களை அவர்கள்முன் வைத்தால் போதும். விடை தேடும் மாணவன் படைப்பை மீண்டும் ஒருமுறை கவனமாகக் காண்பான். அவ்வாறு காணப் பழகியவன், நாம் கற்பிக்கும் நூல்களின் புகழையும் ஒருநாள் இவ்வினாக்களாலேயே சோதிப்பான். அதற்கு நாம் அஞ்ச வேண்டியதில்லை. ஆயத்தமாக இருத்தல் வேண்டும்.