கண்மாயும் கோட்பாடுகளும்

கப்பலூர் என்ற பெயரைக் கேட்டுக் கடலைத் தேடி வருவோர் ஏமாந்துதான் போவர். மதுரையிலிருந்து திருமங்கலம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், சிட்கோ தொழிற்பேட்டைக்கும் சுங்கச் சாவடிக்கும் பேர்போன ஊர் அது. ஆயினும் அதனைச் சூழ்ந்த சமவெளி, நீரைக் கொண்டே தன்னை அமைத்துக்கொண்ட நிலம். மேட்டுக் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால் பள்ளத்துக் கண்மாய் நிறையும். அது நிறைந்தால் அதற்கடுத்தது. இக்கரைகள் இயற்கையாய் எழுந்தவையல்ல. மனிதர் மண் சுமந்து கட்டியவை. மழை பொய்த்தாலோ அவை வெறும் பள்ளம். இதனைச் சமூகம் என்பதா, இயற்கை என்பதா?

இவ்வினாவைச் சமூகவியல் நெடுங்காலம் எழுப்பவில்லை. சமூக நிகழ்ச்சிக்குச் சமூகக் காரணமே காணவேண்டும் என்ற எமில் டர்க்கைமின் வழியில் நின்று, மண்ணையும் மழையையும் அது புறத்தே நிறுத்தியது. மனிதன் மட்டும் இயற்கையின் விதிகளுக்கு விலக்குப் பெற்றவனா என்று 1978இல் காட்டன், டன்லப் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் இடித்துரைத்தனர். தக்க இடிப்பே. 1377இல் இப்னு கல்தூன் தம் முகத்திமாவில் நிலம், தட்பவெப்பம், உணவு ஆகியவற்றை மனிதக் கூட்டு வாழ்வோடு இணைத்துப் பேசினாரே, எனவே முந்தியவர் நாமே என்று நம் எழுத்தாளர் சிலர் மகிழ்வதுண்டு. அம்மகிழ்ச்சியில் எமக்கு முழுப் பங்கில்லை. வெப்ப நாட்டாரின் குணம் பற்றி அவர் எழுதியவை இன்று ஏற்கத்தக்கன அல்ல. பெருமை பேசுவோர் அப்பக்கங்களைப் புரட்டுவதில்லை.

கோட்பாடுகளுள் மிகுதியாகப் பரவியது காரட் ஹார்டின் 1968இல் எழுதிய கட்டுரை. பொது மேய்ச்சல் நிலத்தில் ஒவ்வொருவனும் தன் மந்தையைப் பெருக்குவான். முடிவில் நிலம் பாழாகும் என்பது அவர் வாதம். கண்மாயை அறிந்தவர் இதனை ஒப்பார். அது பொதுவேயன்றிக் கேட்பாரற்றதன்று. முறைநீர் உண்டு, மடைக்குக் காவல் உண்டு. மேலாண்மையற்ற பொதுவையே தாம் குறித்திருக்க வேண்டும் என ஹார்டினே பின்னாளில் திருத்திக்கொண்டார். ஊரார் தாமே விதி வகுத்துப் பொதுச்சொத்தைக் காக்க வல்லவர் என்று 1990இல் ஒரு நூலின் வாயிலாக நிறுவியவர் எலினார் ஆஸ்ட்ரம். 2009இல் பொருளியல் நோபல் பரிசு பெற்றார். அவர் காட்டிய சான்றுகளுள் ஒன்று ஸ்பெயின் நாட்டு வலன்சியாவின் பாசனம். அங்கே வியாழக்கிழமைகளில் பேராலய வாயிலில் கூடி, வாய்மொழியாகவே வழக்குத் தீர்க்கும் நீர் நீதிமன்றம் இன்றும் உண்டு. அப்பேராலயம் எழுந்த இடத்தில் முன்பு இருந்தது பள்ளிவாசல். கால்வாயைக் குறிக்க அவர்கள் வழங்கும் 'அசேக்கியா' என்னும் சொல் அரபியின் வழி வந்தது. இதனைச் சொல்லாமல் மேற்செல்ல எமக்கு மனம் வரவில்லை.

ஆயினும் ஆஸ்ட்ரமின் ஊர் எமக்குச் சற்று மிகையாக நல்ல ஊராகத் தோன்றுகிறது. அங்கே உடன்பாடு உண்டு, தீண்டாமை இல்லை. இக்குறையை நிறைவு செய்வது, இலண்டன் பல்கலைக்கழக மானிடவியலார் டேவிட் மோஸ் 2003இல் வெளியிட்ட 'தி ரூல் ஆஃப் வாட்டர்'. இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைக் கண்மாய்களை ஆராய்ந்த நூல் அது. கண்மாய் வெறும் நீர்த்தேக்கமன்று. கொடையாலும் கோயில் மரியாதையாலும் ஆட்சி நிலைநாட்டப்பட்ட களம் என்கிறார் அவர். ஊரில் யாருக்கு மரியாதையோ, நீரின்மீதும் அவருக்கே செல்வாக்கு. மடை திறந்தவனும் இரவில் கரை காத்தவனும் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர். களத்தில் அவனுக்கு நெல் அளந்தது உண்மை. அதனோடு இழிவும் அளந்தனர். பின்னர் அம்மக்கள் இத்தகைய ஊழியங்களை மறுத்தனர். பராமரிப்புத் தளர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணமெனின், பழைய ஒழுங்கு போயிற்றே என்று அழுவோர் எதற்காக அழுகின்றனர்? அந்தச் சுயமரியாதை வேட்கை எத்தகையது என்பதை, 1981இல் மீனாட்சிபுரத்தில் நிகழ்ந்ததை அறிந்த நம் வாசகர்க்கு விளக்க வேண்டுவதில்லை.

குடிமராமத்து பற்றியும் மோஸ் நம் கண்ணைத் திறக்கிறார். ஊரார் மனமுவந்து செய்த தொன்மை மரபு என்று அதனைப் போற்றுகிறோம். ஆனால் 1858இலேயே அவ்வுழைப்பைக் கட்டாயமாக வாங்கச் சென்னை மாகாணத்தில் சட்டம் இயற்றப்பட்டது. உவந்து செய்வதற்குச் சட்டம் எதற்கு? தன் செலவைக் குறைக்க விரும்பிய ஆங்கில அரசுக்கு, மரபு சிதைந்தது என்ற புலம்பல் வசதியாயிற்று. 2017இல் அதே பெயரால் தமிழக அரசு திட்டம் வகுத்தபோது, அந்தப் பெயரின் வரலாற்றை நினைத்தவர் சிலரே.

மோஸிடமும் எமக்குக் குறையுண்டு. அவர் கண்டவை மழையை நம்பிய கண்மாய்கள். 1895 முதல் பெரியாற்று நீர் பெற்ற மதுரைப் பகுதிக் கண்மாய்களுக்கு அம்முடிபு அப்படியே பொருந்தாது. இங்கே மரியாதையைவிடப் பொதுப்பணித் துறையின் மதகே பெரிது. மேலும், எல்லாம் அதிகாரமே என்று முடித்துவிட்டால், நாளை கரம்பை அள்ளப் போகிறவன் எந்த நியாயத்தின்மேல் நிற்பான்?

நம்மவர் உடனே சையித் ஹுசைன் நஸ்ரை நீட்டுவர். 1968இல் வெளிவந்த 'மேன் அண்ட் நேச்சர்' நூலில், இயற்கையின் புனிதத்தை இழந்த நவீன மனிதனின் ஆன்ம நோயே சூழல் கேட்டின் வேர் என்றார் அவர். நெஞ்சைத் தொடும் எழுத்து. எனினும் மதகு யார் கையில் என்று அது கேட்பதில்லை. அதைவிட நம் ஃபிக்ஹு நூல்களின் வறண்ட பக்கங்கள் எமக்கு உதவுகின்றன. பாசன உரிமையான 'ஷிர்பு' வேறு. மனிதரும் கால்நடையும் தாகம் தீர்க்கும் உரிமையான 'ஷஃபா' வேறு. முன்னது நிலமுடையோனுக்கு, பின்னதற்கு நிலம் வேண்டியதில்லை, தாகம் போதும். ஆஸ்ட்ரமும் மோஸும் பெரிதும் ஆயக்கட்டுதாரரை நோக்கியே பேசுகின்றனர். நிலமற்றவனையும் மாட்டையும் கணக்கில் எடுக்கும் ஒரு சொல் நம்மிடம் இருக்கிறது. இருந்தும் என்ன? அதனை மதரஸா வகுப்பறைக்கு வெளியே நாம் கொண்டுவரவில்லை.

இன்று மதுரையைச் சுற்றிச் சச்சரவு உழவனுக்கும் உழவனுக்கும் மட்டும் அன்று. உயர் நீதிமன்றக் கிளை 2004இல் திறக்கப்பட்ட இடத்தின் பெயர் உலகனேரி. ஏரி என்பது பெயரிலேயே இருக்கிறது. திருமங்கலம் சாலையிலும் விளம்பரப் பலகைகளுக்குக் குறைவில்லை. நம் குடும்பங்களும் அங்கே மனை பார்க்கச் செல்கின்றன. பட்டா கேட்கிறோம், வில்லங்கம் பார்க்கிறோம், பள்ளிவாசல் எவ்வளவு தூரம் என்று விசாரிக்கிறோம். அவ்வழியே போன வரத்துக்கால் என்னவாயிற்று என்று கேட்பதில்லை. மோஸின் நூலும் பெரும்பாலும் உழவரோடு நின்றுவிடுகிறது. மனை வாங்குவோன் அதற்குள் இன்னும் வரவில்லை.