நீலத்துக்கும் குலம் உண்டு

ஜாஸ், அமெரிக்கக் கறுப்பர்கள் உருவாக்கிய இசை. அதை வாசிக்கிற ஆர்ச்டாப் கிதாரோ, மேற்பலகை குவிந்து, பெரும்பாலும் தேன்பழுப்பு பூசிக்கொண்டு, ஐரோப்பிய வயலினின் வாரிசாகவே நிற்கும். நிறமும் ஒரு பிரதிதான். குலப்பெருமை பேசுகிற பிரதி. 1990களில் ஜிம்மி டி'அக்விஸ்டோ ஒரு கிதாருக்கு நீலம் ஏற்றினார். மரபு உடைஞ்சாச்சுன்னு சொல்லிடலாமா? சேகரிப்பாளர் ஸ்காட் சினரி, அதே நீலத்தில், 18 அங்குல அகலத்தில் செய்து தரும்படி மற்ற கைவினைஞர்களையும் கேட்டார். ஒலித்துளையை எப்படி வேண்டுமானாலும் வெட்டிக்கலாம். நிறத்தில் மட்டும் கை வைக்கக் கூடாது. காசு கொடுக்கிறவன் கையில் மீறலும் கட்டளையாகிவிடுகிறது. (1997இல் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகமே இவற்றைக் காட்சிக்கு வைத்தது.) பாப் பெனடெட்டோ தன் நீலக் கிதாருக்கு வைத்த பெயர் 'லா கிரெமோனா அஸுரா': நீலக் கிரெமோனா. ஸ்ட்ராடிவாரி வயலின் செய்த ஊர் அது.