தையல் என்னும் சொல்: பாடப் பொருளும் வழக்குப் பொருளும்

நாள்தோறும் வாயில் வழங்கும் சொற்களைப் பற்றி எவரும் நின்று எண்ணுவதில்லை. தையல் அத்தகைய சொல். சட்டை கிழிந்தால் ஒரு தையல். வெட்டுக்காயத்திற்கு மருத்துவமனையில் ஒரு தையல். அருஞ்சொற்பொருள் எழுதும்போது ‘தையல் - பெண்’ என்று வேறொரு தையல். இம்மூன்றையும் மாணவர் ஒன்றோடொன்று தொடர்பின்றியே மனனம் செய்கின்றனர். தொடர்பு யாதெனக் கேட்டால், பெண்கள் தைப்பதனால் பெண்ணுக்குத் தையல் என்று பெயர் வந்தது என்னும் விடை ஆயத்தமாக இருக்கிறது. கேட்க இனிய விடை. ஆனால் பிழையான விடை. பிழை சொல்லாராய்ச்சியோடு நின்றுவிடுமாயின் பொறுத்துக்கொள்ளலாம். ஊசியும் நூலும் பெண்ணுக்கென்றே அமைந்தவை என்ற எண்ணத்தையும் அது பத்து வயதுப் பிள்ளையின் மனத்தில் ஏற்றிவிடுகிறது.

முதற்கண் வினையை நோக்க வேண்டும். தைத்தல் என்னும் வினைக்கு இரு முகங்கள் உண்டு. துணியைத் தைத்தான் என்றால் இணைத்தான் என்பது பொருள். காலில் முள் தைத்தது என்றால் ஊடுருவிற்று என்பது பொருள். முன்னதில் மனிதன் எழுவாய். பின்னதில் முள்ளே எழுவாய். முரண்போலத் தோன்றும் இவ்விரண்டும் தையற்காரரின் கையில் ஒன்றாகிவிடுகின்றன. ஊசி துளைத்தால் அன்றோ துணி இணையும்! மருத்துவர் இடும் தையலும் இத்தன்மையதே. புண்ணை மூடுவதற்காகப் புண்ணின் இரு விளிம்பையும் ஊசியால் துளைக்கிறார்.

தானா ராத்தாவைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களின் பேச்சு வழக்கு இவ்வேறுபாடுகளை விளக்க நல்ல இடம். ஊர் ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் இருப்பதால் கம்பளிச் சட்டை இல்லாத வீடு அரிது. அச்சட்டையை எவரும் ‘தைத்தது’ என்று சொல்வதில்லை. ‘பின்னியது’ என்றே சொல்வர். பின்னலில் இழை இழைக்குள் புகுந்து வெளிவருகிறது. துளைபடுவது ஒன்றும் இல்லை. பூவைத் தொடுக்கலாம், மணியைக் கோக்கலாம், கூடையை முடையலாம். சாக்கு மூட்டையின் வாயைக் கோணி ஊசியால் தைக்கத்தான் வேண்டும். விருந்துக்கு ஆலிலையையோ மந்தாரை இலையையோ ஈர்க்கால் இணைத்தால் அதுவும் தையல் இலையே. நூல் இல்லை, துணி இல்லை. ஆயினும் துளைத்து இணைத்தல் இருக்கிறது. இலக்கண நூல் கற்பிக்காத இத்துணை நுட்பத்தையும் எழுத்தறியாத பாட்டிமார் பிழையின்றிக் கையாண்டு வந்துள்ளனர்.

இன்னொரு நுட்பம் இன்று மங்கிவருகிறது. கவாத்து வெட்டிய தேயிலைச் செடியின் குச்சி காலில் பட்டால் ‘குத்திவிட்டது’ என்பர்; முனை முறிந்து உள்ளே தங்கினால் ‘தைத்துவிட்டது’ என்பர். குத்தினால் காலை இழுத்துக்கொண்டால் போதும். தைத்தால், தைத்ததை எடுத்தாக வேண்டும். அதற்கு மீண்டும் ஊசியையே தேட வேண்டும். இளையோர் பேச்சில் எல்லாம் ‘குத்து’ ஆகிவிட்டது. இதற்கு மலாய் மொழியைக் குறைகூறுவது பொருந்தாது. மலாயில் துணி தைப்பதற்கு ‘ஜாஹித்’ என்றும், முள் குத்துவதற்கு ‘சூசோக்’ என்றும் தனித்தனி வினைகள் உள. அம்மொழி தன் வழியில் தெளிவாகவே இருக்கிறது. கடிகாரத்தில் தமிழர் முள்ளைக் காணும் இடத்தில் மலாய்க்காரர் ‘ஜாரும்’, அதாவது ஊசியைக் காண்கின்றனர். ஒவ்வொரு மொழிக்கும் ஒவ்வொரு கண். தமிழ்ப் பிள்ளை தன் மொழியின் கண்ணால் பார்க்கக் கற்கவில்லை என்பதே குறை. ‘அவர் சொன்னது நெஞ்சில் தைத்தது’ என்ற தொடரைப் பயிற்சி நூலில் படித்துப் பொருள் எழுதும் மாணவனுக்கு, அது சொல் உள்ளே சென்று தங்கிவிட்டதைக் குறிக்கும் என்பது தோன்றுவதில்லை. ‘மனம் புண்பட்டது’ என்று எழுதிவிடுகிறான். ‘மனத்தில் தைக்கும்படி எடுத்துரைத்தார்’ என்ற தொடர் வந்தால் திகைக்கிறான். அங்கே புண் ஏது?

இனிப் பெண் என்ற பொருளுக்கு வருவோம். பெண்கள் தைத்ததனால் அப்பெயர் வந்தது என்பார், பழைய நூல்களில் ஊசி யார் கையில் இருக்கிறது என்று நோக்குவாராக. புறநானூற்றின் 82ஆம் பாட்டில் ஒருவன் கட்டிலுக்கு வார் பின்னுகிறான். ஊரில் விழா, வீட்டில் மனைவிக்குப் பேற்று நோவு, மழை பொழிகிறது, பொழுதும் சாய்கிறது. வாரைச் செலுத்தும் அவன் கை ஊசியின் விரைவைப் போர்வைக்கோப் பெருநற்கிள்ளியின் மற்போர் விரைவுக்கு உவமையாக்குகிறார் சாத்தந்தையார். ஊசி பிடித்தவன் ஆண். சிலப்பதிகாரம் புகார் நகரத் தொழிலாளரைக் கூறுமிடத்துத் தையற்காரரைத் துன்னகாரர் என்கிறது. பொருநராற்றுப்படையில், கரிகாலனிடம் வந்த பொருநனின் கந்தலும் வேற்று நூலால் துன்னப்பட்டதே. துன்னுதல் என்றால் நெருங்குதல். கிழிந்த இரு விளிம்பை நெருங்கச் செய்தலே அன்றைய சொல்லில் தையல்! அச்சொல் வழக்கு ஒழிந்து, துளைத்தலைச் சொல்லும் சொல் நிலைபெற்றுவிட்டது. துன்னகாரர் போய்த் தையற்காரர் வந்தார். பிற்காலத்துக் கடைத் தெருக்களிலும் மிதிபொறியின் முன் அமர்ந்தவர் பலர் ஆண்களே.

அவ்வாறாயின் பெண்ணுக்கு அப்பெயர் எங்ஙனம் வந்தது? சங்க நூல்களில் ‘தைஇ’ என்னும் எச்சம் புனைந்து, அணிந்து என்ற பொருள்களிலும் வருகிறது. தழையையும் மாலையையும் புனைந்து அணியும் இடங்களில் அதனைக் காணலாம். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியும் தையலுக்கு அழகு, புனைவு என்னும் பொருள்களைத் தருகிறது. புனையப்பட்ட அழகு அவ்வழகுடையாளுக்கு ஆயிற்று எனக் கொள்வதே பொருத்தம். (அதே நூல்களில் தை மாதமும் ‘தைஇத் திங்கள்’ என்றே வருவதால் இரண்டையும் முடிச்சுப்போட விழைவார் உளர். மாதப் பெயர் விண்மீனின் வழி வந்தது. ஊசிக்கும் அதற்கும் உறவில்லை.)

வைத்தீசுவரன் கோயிலில் அம்மையின் பெயர் தையல்நாயகி. நோய் தீர்க்கும் வைத்தியநாதருடன் தைலக் குடம் ஏந்தி நிற்பவள் என்பது அத்தலத்து வழக்கு. ஆகவே மக்கள் காதில் தையலும் தைலமும் ஒன்றாயின. தமிழகத்திலிருந்து தோட்டங்களுக்கு வந்த குடும்பங்கள் அப்பெயரையும் உடன் கொண்டுவந்தன. தையலம்மை தைலம்மை ஆனாள். எண்ணெயின் பெயரென்று எண்ணி அதனைப் பழம்பெயராக ஒதுக்குவோர், அழகி என்று பொருள்படும் பெயரை ஒதுக்குகின்றனர்.

ஆத்திசூடியை விட்டுவிட்டு இச்சொல்லின் ஆராய்ச்சி நிறைவுறாது. ஔவையார் தகர வரிசையில் இச்சொல்லை வைத்து, பெண்ணின் சொல்லைக் கேட்க வேண்டா என்கிறார். உரைகாரர் சிலர் ‘ஆராயாமல்’ என்ற சொல்லை இடையில் நுழைத்து அதன் கூர்மையை மழுக்குகின்றனர். மூலத்தில் அச்சொல் இல்லை. உரையில் போட்ட ஒட்டு அது. ஒட்டு என்பதை மறைத்து மாணவருக்குக் கற்பித்தல் நேர்மையன்று. பாரதியார் ஒட்டுப் போடவில்லை. தம் புதிய ஆத்திசூடியில் அதே எழுத்தில், அதே சொல்லை எடுத்து, பெண்ணை உயர்த்துக என்று புதிதாகவே எழுதிவிட்டார். மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் ஆத்திசூடி தொடக்க வகுப்பிலேயே அறிமுகமாகிறது. மேல் வகுப்புக்கு வந்தபின் இவ்விரண்டு அடிகளையும் ஒருங்கே கரும்பலகையில் எழுதி, வேறுபாடு என்னவென்று பிள்ளைகளையே கேட்கலாம். அவ்வகுப்பில் பாட்டியின் பெயர் தைலம்மை என்று சொல்லும் சிறுமி ஒருத்தியும் இருக்கக்கூடும். ‘தையல் - பெண்’ என்ற ஒரு வரி விடை அவளுக்குப் போதாது.