ஏழு மீற்றர்

ஸ்கொலாஸ்தீக் முக்கசொங்காவின் ‘நோத்ர் தாம் து நீல்’ நாவலின் முதற் பத்தியிலேயே ஒரு சின்னத் திருத்தம் வருகிறது. தங்கள் பாடசாலை 2500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது என்று வெள்ளைக்கார ஆசிரியர்கள் பெருமையாகச் சொல்கிறார்கள். இல்லை, 2493 என்று திருத்துகிறார் புவியியல் படிப்பிக்கும் சிஸ்டர் லிட்வீன். முதல் தடவை வாசித்தபோது சிரித்துவிட்டுக் கடந்துபோனேன். இரண்டாம் தடவை அந்த ஏழு மீற்றரில் தடக்கி நின்றேன். ஏழு மீற்றர் பிழையைப் பொறுக்காத ஓர் ஆசிரியை, தன் வகுப்பில் இருக்கும் இருபது பிள்ளைகளில் இரண்டு பேருக்கு நடக்கப்போவதை ஏன் காணவில்லை?

2012இல் பிரெஞ்சு மொழியில் வெளிவந்து, அதே ஆண்டு ரெனோதோ பரிசு பெற்ற நாவல் இது. கதை நடப்பது 1970களின் தொடக்கத்தில், ருவாண்டாவில். கொங்கோ நதிக்கும் நைல் நதிக்கும் நீர் பிரிகின்ற மலைமுகட்டில் ஒரு பெண்கள் விடுதிப் பாடசாலை. நைலின் ஊற்று என்று சொல்லப்படும் இடம் பக்கத்தில். அங்கே கறுப்பு நிறம் பூசிய ஒரு மாதா சிலை. பாடசாலையை நடத்துபவர்கள் பெல்ஜியத்துக் கன்னியாஸ்திரிகள். படிப்பவர்கள் அமைச்சர்கள், படை அதிகாரிகள், பெரிய வியாபாரிகள் ஆகியோரின் பெண்பிள்ளைகள். அநேகமாக எல்லோரும் ஹூட்டுக்கள். அரசு விதித்த பத்து வீத ஒதுக்கீட்டின்படி வகுப்புக்கு இரண்டு டுட்சிப் பிள்ளைகள் இருக்கலாம். இந்த வகுப்பில் அவர்கள் வெரோனிக்கா, விர்ஜினியா.

முக்கசொங்கா இதைத் தூர நின்று எழுதியவர் அல்ல. 1956இல் பிறந்த டுட்சிப் பெண். அவருடைய குடும்பம் 1960இல் நியாமாட்டா என்ற வரண்ட பிரதேசத்துக்கு அனுப்பப்பட்டது. அதே ஒதுக்கீட்டின் சிறு துவாரத்தினூடாகக் கிகாலி நகரத்தில் கன்னியாஸ்திரிகளின் பாடசாலையொன்றுக்குப் படிக்கப் போனார். 1973இல் டுட்சி மாணவர்கள் பாடசாலைகளிலிருந்து துரத்தப்பட்டபோது புருண்டிக்குத் தப்பி ஓடினார். 1994 இனப்படுகொலையில் தன் குடும்பத்தில் 37 பேரை இழந்தார். பிரான்சில் சமூகசேவையாளராக வேலை செய்தபடிதான் எழுதத் தொடங்கினார். இவ்வளவும் தெரிந்தவர்கள் புத்தகம் முழுக்கக் கண்ணீராக இருக்கும் என்று எதிர்பார்ப்பார்கள். ஆனால் பெரும்பகுதி விடுதிப் பகிடிதான். சாப்பாடு, உடுப்பு, சிநேகிதிகளின் கோள், லீவுக்கு வீட்டுக்குப் போன கதை. அந்தப் பகிடிக்குள்ளே நச்சு ஊறுவதை நாங்கள் மெல்ல மெல்லத்தான் உணர்கிறோம்.

கன்னியாஸ்திரிகளின் நாள் எப்படிப் போகிறது? மணி, பூசை, வகுப்பு, சாப்பாட்டு மண்டபம், மீண்டும் மணி. பிரெஞ்சு பேசவேண்டும். வெள்ளைக்காரச் சாப்பாடு சாப்பிடப் பழகவேண்டும். பிள்ளைகளோ லீவு முடிந்து வரும்போது வீட்டுச் சாப்பாட்டைப் பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுவந்து இரவில் பங்கு போட்டுத் தின்கிறார்கள். சிஸ்டர் லிட்வீனின் பாடங்களில் ஒரு பிரிவினை உண்டு: வரலாறு என்றால் ஐரோப்பா, புவியியல் என்றால் ஆபிரிக்கா. ஆபிரிக்காவுக்கு மலையும் ஆறும் உண்டு, கடந்தகாலம் இல்லை. அந்த 2493 எங்கிருந்து வந்தது என்று இப்போது விளங்குகிறது. அளக்கக்கூடியதை அவர் துல்லியமாக அளந்து வைத்திருக்கிறார். தன் முன்னால் இருக்கும் பிள்ளைகள் ஏன் ஒருவரையொருவர் அப்படிப் பார்க்கிறார்கள் என்பது வரலாறு. அது அவருடைய பாடத்திட்டத்தில் இல்லை.

அந்த வரலாற்றில் வெள்ளையருக்கும் பங்கு இருந்தது என்பதுதான் கொடுமை. 1930களில் ஒவ்வொருவருடைய அடையாள அட்டையிலும் ஹூட்டு, டுட்சி என்று பதிந்தது பெல்ஜிய நிர்வாகம். முதலில் டுட்சிக்களை உயர்த்தி வைத்தார்கள்; 1959க்குப் பிறகு காற்று மறுபக்கம் அடித்தபோது அவர்களைக் கைவிட்டார்கள். நாவலின் கன்னியாஸ்திரிகள் இதை ஒருபோதும் வாய்விட்டுப் பேசுவதில்லை. அவர்களுக்கு நேரமுமில்லை. பாடசாலை நடத்துவது சின்ன வேலையா?

இந்த வேலைப்பளு எப்போது இறுகும், எப்போது இளகும் என்பதையும் நாவல் கவனிக்கிறது. ஒழுக்கத்தில் கண்டிப்பான மதர் சுப்பீரியர், ஃப்ரிடா என்ற பிள்ளையின் விடயத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொள்கிறார். அவளைக் கட்டப்போகிறவர் ஸயர் நாட்டுத் தூதுவர், மேலிடத்துக்கும் சம்மதம். ஆகவே பாடசாலை வளவுக்குள்ளேயே அவர்களுக்கு இடம் கிடைக்கிறது. ஃப்ரிடா கர்ப்பமாகி இறந்துபோகிறாள். பிறகு அவளைப் பற்றிப் பேச்சில்லை. பாடசாலையின் ஆன்மீகக் குருவான பாதர் ஹெர்மெனெஜில்ட் பிரசங்கத்தில் பெரும்பான்மை மக்களின் உரிமையைப் பேசுகிறார். தர்மத்துக்கு வந்த உடுப்புகளைக் காட்டிப் பிள்ளைகளைத் தன் அறைக்கு அழைக்கிறார். மணி பிந்தாமல் அடிக்கிறது.

ஆளுங்கட்சிப் பெரும்புள்ளியின் மகளான குளோரியோசா, மாதாவின் மூக்கு டுட்சி மூக்கு என்று கண்டுபிடிக்கிறாள். அதை உடைத்து ஹூட்டு மூக்கு வைக்க, பாதி டுட்சியான மொடெஸ்தாவையும் இழுத்துக்கொண்டு போகிறாள். உடுப்பெல்லாம் சேறாகித் திரும்பி வந்ததும், தங்களைப் பயங்கரவாதிகள் தாக்கினார்கள் என்று ஒரு பொய் சொல்கிறாள். அந்தப் பொய் ஊரைக் கொளுத்துகிறது. கடைசியில் இளைஞர் படையொன்று பஸ்களில் பாடசாலைக்கு வந்து இறங்குகிறது. வெரோனிக்கா கொல்லப்படுகிறாள். விர்ஜினியாவைக் காப்பாற்றுவது ஒரு கன்னியாஸ்திரியோ ஆசிரியரோ அல்ல; இம்மாகுலே என்ற ஹூட்டுச் சிநேகிதி.

நாவலில் எனக்குக் குறைகளும் தெரிந்தன. டுட்சிக்களைப் பழைய எகிப்திய ராசவம்சம் என்று நம்பி, வெரோனிக்காவைத் தெய்வமாக வேடம்போட்டுப் பார்க்கும் ஃபொந்தனைல் என்ற வெள்ளைக்காரத் தோட்ட முதலாளியின் பகுதி நீளம். சொல்லவந்ததை இரண்டு தரம் சொல்கிறது. முடிவோ அவசரப்படுகிறது. எல்லாவற்றிலும் பெரிய குறையாக எனக்கு முதலில் பட்டது, கன்னியாஸ்திரிகளுக்கு அகம் இல்லை என்பது. அவர்கள் உத்தரவு போடுகிறார்கள், கைகளைக் கூப்புகிறார்கள், திருத்துகிறார்கள். இரவில் விளக்கை அணைத்த பிறகு சிஸ்டர் லிட்வீன் என்ன நினைத்திருப்பார்? நாவலில் பதில் இல்லை.

அந்த அகத்தைத் தேடித்தான் மேபல் ஷாவின் புத்தகத்திடம் போனேன். லண்டன் மிஷன் சங்கத்தின் ஆசிரியையான அவர் 1915 முதல் 1940 வரை, இன்றைய ஸாம்பியாவின் லுவாபுலாப் பள்ளத்தாக்கில் ம்பெரேஷி என்ற இடத்தில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை நடத்தியவர். 1932இல் வந்த ‘கோட்ஸ் கேண்டில்லைட்ஸ்’, கடவுளின் மெழுகுதிரி ஒளிகள், அவர் தன் பாடசாலையைப் பற்றி எழுதியது. நாவலில் வரும் கன்னியாஸ்திரிகளைப்போல அவர் ஐரோப்பாவை அப்படியே மலையில் தூக்கிவைக்க விரும்பவில்லை. பாடசாலையை ஊரைப்போல அமைத்தார். வீடு வீடாகப் பிள்ளைகள். வளர்ந்த பிள்ளைகள் சின்னவர்களுக்குத் தாய் மாதிரி. கிறிஸ்துவை அந்த மக்களுக்கு விளங்கும்படி பெருந்தலைவன் என்றார். அங்குள்ள சடங்குகளில் சிலவற்றைக் கிறிஸ்தவமாக்கி வைத்துக்கொள்ள முயன்றார். ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி எழுதுகிறார். அன்பு பொய்யில்லை.

ஆனாலும் அந்த ஊரின் எல்லையைக் கீறியவர் அவரே. எந்தச் சடங்கு உள்ளே வரலாம், எது வெளியே நிற்கவேண்டும் என்று தீர்மானித்தவரும் அவரே. படித்த பிள்ளை நல்ல கிறிஸ்தவ மனைவியாக, தாயாகப் போகவேண்டும் என்பதும் அவர் வகுத்ததே. அந்தப் பிள்ளைகள் பேசுவது அவருடைய வாக்கியங்களுக்குள்தான். மேபல் ஷாவிடம் அகம் நிறைய உண்டு. பிள்ளைகளின் அகம் அதற்குள் கரைந்துவிடுகிறது.

அப்போதுதான் முக்கசொங்கா செய்தது எனக்கு விளங்கியது. சிஸ்டர் லிட்வீனின் அகத்தை அவர் மறைக்கவில்லை. பின்வாங்கில் இருந்த பிள்ளைக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் தருகிறார். இவ்வளவு காலமும் ஆசிரியையின் பக்கமிருந்து எழுதப்பட்ட அந்த நாளை மாணவி திருப்பி எழுதுகிறாள். சிம்பாப்வேயின் சிற்சி டங்கரெம்காவும் 1988இல் ‘நேர்வஸ் கண்டிஷன்ஸ்’ நாவலில் இதைச் செய்தார். தம்பு என்ற ஏழைக் கிராமத்துப் பிள்ளை புலமைப்பரிசில் பெற்றுக் கன்னியாஸ்திரிகளின் பாடசாலைக்குப் போகிறாள். அங்கே சிரித்த முகத்துடன் வரவேற்கும் சிஸ்டர்கள் கறுப்புப் பிள்ளைகள் எல்லோரையும் ஒரே அறைக்குள் விடுகிறார்கள். அதட்டலில்லை, அடியில்லை. கட்டில்கள் போட்டிருக்கும் விதமே போதும்.

நம்மவர்கள் இந்த ருவாண்டா நாவலை வாசித்தால் பத்து வீதம் என்ற இடத்தில் நிறுத்துவார்கள் என்று எனக்குத் தெரியும். நானும் நிறுத்தினேன். 1970களில் இலங்கையில் வந்த தரப்படுத்தல் எங்கள் வீட்டுப் பேச்சில் இன்னும் இருக்கிறது. என் மாமா ஒருவர் தனக்குக் கிடைக்காமல்போன பொறியியல் பீடத்தைப் பற்றி ரொறொன்ரோவில் ஐம்பது வருடமாகப் பேசுகிறார். வெரோனிக்காவோடும் விர்ஜினியாவோடும் எங்களைச் சேர்த்துப் பார்ப்பது சுலபம். இரண்டும் ஒன்றல்ல என்பது ஒருபுறம். நாவலை அப்படி மட்டும் வாசித்தால் நாங்கள் எப்போதும் அந்த இரண்டு பேராகத்தான் இருப்போம். மீதிப் பதினெட்டுப் பேராக ஒருநாளும் இருக்கமாட்டோம்.

என் அம்மா யாழ்ப்பாணத்தில் ஒரு மிஷன் பெண்கள் பாடசாலையில், 1950களில், விடுதியில் இருந்து படித்தவர். அங்கிருந்த வெள்ளைக்கார மிஸ்ஸைப் பற்றி அவர் சொல்லாத நாள் குறைவு. இரவில் டோர்ச் லைற்றோடு வந்து போர்வை விலகின பிள்ளைகளுக்கு இழுத்துப் போர்த்துவிடுவாராம். காய்ச்சல் வந்தால் பக்கத்தில் இருப்பாராம். அம்மா நிமிர்ந்து இங்கிலீஷ் பேசியதும், பிறகு ரீச்சராகி எங்களைப் படிப்பித்து ஆளாக்கியதும் அந்த மிஸ் போட்ட அடித்தளம். இதை நான் மறுக்கமாட்டேன். இந்த நன்றியை ஏளனம் செய்யும் எந்த விமர்சனமும் எனக்கு வேண்டாம்.

நாவலில் பிள்ளைகள் ஒளித்துச் சாப்பிடும் கட்டத்தை அம்மாவுக்குச் சொன்னேன். சிரித்தார். தாங்களும் பினாட்டும் பனங்கட்டியும் கொண்டுபோனதைச் சொன்னார். பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் வந்தது.

“எங்களோட ஒரு பிள்ளை இருந்தது. நல்ல கெட்டிக்காரி. தனக்கெண்டு கோப்பையும் ரம்ளரும் வீட்டிலயிருந்து கொண்டு வந்திட்டுது.”

“ஏனம்மா?”

“அது அப்பிடித்தான், பிள்ளை. அந்த நாளையில.”

“நீங்கள் அவவோட இருந்து சாப்பிட்டனீங்களோ?”

அம்மா யன்னலைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, “பக்கத்திலதான் இருந்தது” என்றார்.

“மிஸ் ஒண்டும் சொல்லேல்லையோ?”

“மிஸ்ஸுக்கு உதெல்லாம் எங்க தெரியும்? அவ பாவம், எவ்வளவு வேலை.”

அந்தப் பிள்ளையின் பெயரைக் கேட்டேன். அம்மாவுக்கு ஞாபகம் வரவில்லை. மிஸ்ஸின் பெயர், அவர் இங்கிலாந்தில் பிறந்த ஊர், அவருடைய நாயின் பெயர் எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

மிஸ்ஸுக்குத் தெரிந்திருக்காது என்று நான் நம்பவில்லை. சாப்பாட்டு மண்டபத்தில் ஒரே மாதிரியான கோப்பைகளுக்கு நடுவில் வேறு கோப்பை ஒன்று இருந்தால், போர்வை விலகியதைக் காணும் கண்ணுக்கு அது தெரியாமலா போகும்? ஆனால் அதைக் கையில் எடுத்தால் எத்தனை தகப்பன்மார் வாசலில் வந்து நிற்பார்கள் என்பதும் தெரிந்திருக்கும். அப்படி நின்றவர்களில் என் தாத்தாவும் ஒருவராக இருந்திருக்கலாம். சிஸ்டர் லிட்வீனிடம் நான் கேட்ட கேள்வி இப்போது எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது. அவர் அளக்காமல் விட்டதை அளக்காமலே விடச் சொன்னவர்கள் அங்கேயும் இருந்தார்கள், இங்கேயும் இருந்தார்கள்.

மிஷன் பாடசாலைகளில் படித்த தாய்மாரும் பேத்திமாரும் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். இந்த நாவலை வாசிப்பவர்கள் வாசித்து முடித்ததும் அவர்களோடு ஒரு மாலை இருந்து பேசவேண்டும் என்பது என் விருப்பம். மிஸ்மாரின் கதையைச் சொல்லவிடுங்கள். அதில் உண்மை இருக்கிறது. பிறகு பக்கத்தில் இருந்து சாப்பிட்ட பிள்ளையின் பெயரைக் கேளுங்கள்.