கடைக்கோடு வரை

தூத்துக்குடிக் கடற்காற்றில் வெளியே வலை கட்டி ஆடினால், 5 கிராம் இறகுப்பந்து நாம் அடித்த திசைக்குப் போகாது. ‘கிளியர்’ அடியின் அழகு மூடிய அரங்கில்தான் தெரியும். 13.4 மீட்டர் ஆடுகளத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் பந்தை அனுப்பும் அடி அது! அதற்குப் புஜபலம் மட்டும் போதாது என்பதே எனக்குப் பிடித்தது. உடலைப் பக்கவாட்டில் திருப்பி, முழங்கையை உயர்த்தி, மட்டையைத் தளர்வாகப் பிடித்திருக்க வேண்டும்; பந்தைத் தொடும் கணத்தில் மட்டும் விரல்கள் இறுக, முன்கை உள்நோக்கிச் சுழலும். சரியாகப் பட்டதா என்பதைச் சத்தமே சொல்லிவிடும். மட்டை பிடிக்காத கையும் உயர்ந்து சமநிலை தரும். இடக்கை முழுதாக இயங்காத காஞ்சிபுரம் துளசிமதி முருகேசன் 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் இறகுப்பந்தில் வெள்ளி வென்றார். அந்தச் சமநிலையை இடுப்பிலும் காலிலும் எவ்வளவு உழைத்துச் சேர்த்திருப்பார்!