தவறு இடம் மாறும் பட்டறை

எட்டுக்கு நாலு பலகை ஒன்று மேசைமேல் வந்து படுக்கிறது. வாக்குவம் அதை அடியிலிருந்து இறுக்கிப் பிடிக்க, நிமிடத்துக்கு 18,000 சுற்று சுழலும் பிட் மேலிருந்து இறங்குகிறது. கதவு, பக்கப் பலகை, தட்டு என்று பத்துப் பன்னிரண்டு துண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரிகின்றன. கீலுக்கு 35 மி.மீ. குழியும் தட்டு தாங்கும் ஆணிக்கு 5 மி.மீ. துளையும் அதே ஓட்டத்தில் விழுந்துவிடுகின்றன. கோவையிலும் சென்னையிலும் மாடுலர் கிச்சனும் கப்போர்டும் செய்யும் பட்டறைகளில் இன்று இது அன்றாடக் காட்சி. பார்ப்பவர்கள் இரண்டு முடிவுகளுக்கு வருகிறார்கள். இனித் தவறு நேராது என்பது ஒன்று. இனி ஆசாரி தேவையில்லை என்பது இன்னொன்று. இரண்டுமே பிழை என்பதுதான் இக்கட்டுரையின் வாதம். முழுப் பலகையை மேசையில் கிடத்தி வெட்டும் இந்த ‘நெஸ்டிங்’ முறை தவறை ஒழிப்பதில்லை. வெட்டும் இடத்திலிருந்து கிளப்பி, அளவெடுக்கும் இடத்துக்கும் வரைபட மேசைக்கும் கொண்டுபோய் வைக்கிறது. இதைப் புரிந்துகொண்டு ஆளையும் பணத்தையும் அங்கே போடும் பட்டறைக்கு எந்திரம் கைகொடுக்கும். மற்றவர்களுக்கு அது மாதாமாதம் கட்ட வேண்டிய தவணையாகவே நிற்கும்.

இந்த முறையின் அருமை தெரிய, அதற்கு முன் இருந்ததைப் பார்க்க வேண்டும். ஜெர்மனியில் வில்ஹெல்ம் ஆல்டென்டார்ஃப் 1906-ல் நகரும் மேசை வைத்த அறுவை எந்திரத்தைக் கொண்டுவந்தார். பலகையை நேர்க்கோட்டில் துல்லியமாக அறுப்பது அதனால் எளிதாயிற்று. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு மரத்தூளையும் சில்லுகளையும் பசையிட்டு அழுத்திய பார்ட்டிகிள் போர்டு பரவியது. இழையோட்டம் இல்லாத அந்தப் பலகையில் பழைய பொருத்துகள் நிற்கவில்லை. துளைபோட்டு உலோகத் துணைப்பொருள்களால் முடுக்குவதே வழியாயிற்று. ஒரே அழுத்தில் வரிசையாகப் பல துளை போடும் எந்திரங்கள் வந்தன. பற்சக்கரங்களால் ஓடும் அந்தத் துளைத்தலைகளை 32 மி.மீ.க்குக் குறைவான இடைவெளியில் அமைப்பது கடினமாக இருந்தது என்பதே 32 மி.மீ. முறை பிறந்ததற்குச் சொல்லப்படும் காரணம். பலகையின் முன்விளிம்பிலிருந்து 37 மி.மீ. உள்ளே ஒரு கோடு, அதில் 32 மி.மீ.க்கு ஒரு துளை. கீலும் டிராயர் சேனலும் செய்யும் நிறுவனங்கள் இந்தக் கணக்கையே ஏற்றுக்கொண்டன. ஓர் எந்திரத்தின் இயலாமை, உலகத்து அலமாரிகளின் உள்ளமைப்பை எழுதிவிட்டது. அந்த எந்திரங்களை ஓர் அளவிலிருந்து வேறோர் அளவுக்கு மாற்றிவைப்பதே தனி வேலை. ஆகவே ஒரே அளவை ஆயிரக்கணக்கில் செய்தவர்களுக்கு மட்டுமே அவை லாபம் தந்தன.

எண்வழிக் கட்டுப்பாட்டில் இயங்கும் மில்லிங் எந்திரத்தை அமெரிக்காவின் எம்.ஐ.டி. 1952-ல் செய்துகாட்டியது, ஜான் பார்சன்ஸ் விமான உறுப்புகளுக்காக முன்வைத்த யோசனை அதன் தொடக்கம். அந்தத் தொழில்நுட்பம் மரவேலைக்கு வந்தபோது, அளவை மாற்றினால் கூடுதலாகும் செலவு ஏறக்குறைய இல்லாமற் போயிற்று. கணினியின் எண்வழிக் கட்டுப்பாட்டில் ஓடும் இந்த சி.என்.சி. எந்திரத்தின் முதல் பலம் இதுதான். 600 மி.மீ. அகலப் பெட்டிக்கு அடுத்து 587 மி.மீ. பெட்டி வந்தாலும் எந்திரத்துக்குக் கவலையில்லை. நம் ஊர் வீடுகளில் இரண்டு சமையலறை ஒன்றுபோல் இருப்பது அரிது. தூண் ஒரு மூலையில் துருத்தும், ஜன்னல் ஓர் அடி தள்ளியிருக்கும். அப்படிப்பட்ட இடத்துக்கு ஒற்றைப்படையாகச் செய்துதரும் திறம், முன்பு கைவேலைக்கு மட்டுமே உரியதாக இருந்தது. இரண்டாவது பலம் இன்னும் பெரியது. திரையில் வரைந்த துளைதான் பலகையில் விழுகிறது. நடுவில் யாரும் பென்சிலால் குறித்து, குறித்ததை இன்னொருவர் தவறாகப் படிக்க இடமில்லை. ஒவ்வொரு துண்டிலும் ஒட்டும் லேபிள் அது எந்தப் பெட்டியின் எந்தப் பக்கம், எந்த விளிம்புக்கு எட்ஜ் பேண்ட் ஒட்ட வேண்டும் என்று சொல்லிவிடுகிறது. வீட்டில் போய்ப் பூட்டும்போது கீல் தன் குழியில் ‘டக்’கென்று உட்காருகிறதே, அந்த ஓசைக்குத்தான் இத்தனை செலவும்.

ஆனால் இதை வேகத்துக்காக வாங்குகிறவர்கள் ஏமாறுகிறார்கள். நேர்க்கோட்டில் அறுப்பதில் மட்டும் போட்டி வைத்தால், நாலைந்து பலகைகளை அடுக்கி ஒரே ஓட்டத்தில் அறுக்கும் பீம் சாவுக்கு முன்னால் நெஸ்டிங் எந்திரம் நிற்காது. சேதாரத்திலும் அதற்குத்தான் நட்டம். வாளின் தடம் 4 முதல் 5 மி.மீ.; ரௌட்டர் பிட்டின் தடம் 6 முதல் 12 மி.மீ. ஒரு பலகையில் மொத்தம் 20 மீட்டர் வெட்டு என்று வைத்துக்கொண்டால், 12 மி.மீ. பிட் 2440-க்கு 1220 பலகையில் எட்டு சதவீதத்தைத் தூளாக்கிவிடும். வாள் மூன்று சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளும். வாள் ஓரத்திலிருந்து ஓரம் வரை அறுத்தாக வேண்டும், பிட்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. துண்டுகளை விருப்பம்போல் மாற்றி அடுக்கி இழந்ததில் ஒரு பங்கை மீட்கலாம் என்பது உண்மைதான். இருந்தாலும் இன்னொரு குறை மறைவதில்லை. கிடத்திவைத்த பலகையின் மேல்முகத்தை மட்டுமே இந்த எந்திரம் தொடும். பலகையின் தடிமனுக்குள் போட வேண்டிய துளைகளுக்கு, அதாவது பலகைகளை இணைக்கும் மினிஃபிக்ஸுக்கும் மரமுளைக்கும், வேறொரு துளை எந்திரம் வேண்டும். விளிம்பு ஒட்ட எட்ஜ் பேண்டர் வேண்டும். பத்து நிமிடத்தில் வெட்டிய துண்டுகள் எட்ஜ் பேண்டருக்கு முன்னால் மலையாகக் குவிந்து கிடந்தால் அந்தப் பத்து நிமிடத்தால் யாருக்கும் பயனில்லை. பட்டறையின் வேகம் என்பது அதன் மிக மெதுவான மேசையின் வேகம்தான்.

எந்திரம் தானாக ஓடுகிறது என்ற எண்ணமும் அருகில் போய்ப் பார்த்தால் கலைந்துவிடும். மேசைமேல், பிட் கீறினாலும் மாற்றிக்கொள்ளக்கூடிய ‘பலி பலகை’யாக, மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை ஒன்று கிடக்கிறது. வாக்குவம் அதன் நுண்துளைகள் வழியே மேலுள்ள பலகையை உறிஞ்சிப் பிடிக்கிறது. அரை வளிமண்டல அழுத்தம் கிடைத்தால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு அரைக் கிலோ. முழுப் பலகைக்கு இது ஏறத்தாழ 15 டன். பத்துக்கு ஐந்து சென்டிமீட்டர் துண்டுக்கோ வெறும் 25 கிலோ. அந்தத் துண்டைப் பிட் பக்கவாட்டில் இழுக்கும்போது தாங்குவது உராய்வு மட்டுமே. ஆகவே சிறு துண்டுகளை ஓரத்தில் போடாமல் நடுவில் போட வேண்டும். பெரிய துண்டுகள் பிரிந்து காற்றுக் கசிவதற்கு முன்பே அவற்றை வெட்ட வேண்டும். முதல் சுற்றில் அரை மி.மீ. தோலை விட்டுவைத்து, கடைசிச் சுற்றில் அதை அறுக்க வேண்டும். ஊட்டு வேகமும் அப்படித்தான். இரண்டு வெட்டுவாய் உள்ள பிட் 18,000 சுற்றில், நிமிடத்துக்கு 18 மீட்டர் நகர்ந்தால் ஒவ்வொரு வாயும் அரை மி.மீ. சீவலை எடுக்கும். பிட்டுக்கு நல்லது என்று நினைத்து வேகத்தை 4 மீட்டராகக் குறைத்தால் சீவல் பத்தில் ஒரு மி.மீ. ஆகிவிடும், பிட் வெட்டாமல் தேய்க்கும், சூடேறும், சீக்கிரம் மழுங்கும். இதெல்லாம் கைப்பக்குவம்தான். உளி பிடித்த கையில் இருந்தது, இப்போது வெட்டும் வரிசையைத் தீர்மானிக்கும் தலையில் இருக்கிறது.

இனி முக்கியமான கேள்விக்கு வருவோம்: தவறு எங்கே போயிற்று? ஓர் எளிய கணக்கு போதும். 600 மி.மீ. அகலத்தில் ஐந்து பெட்டிகள், பலகை 18 மி.மீ. வரைபடக்காரர் இரண்டு பக்கப் பலகைகளுக்கு 36 கழித்து அடிப்பலகையை 564 என்று போடுகிறார். எந்திரம் 564-ஐ இம்மி பிசகாமல் வெட்டுகிறது. ஆனால் வந்திறங்கிய பலகை, 18 மி.மீ. ப்ளைவுட்டின் இரு முகத்திலும் மைக்கா ஒட்டி 19.5 மி.மீ. ஆனது. இப்போது ஒவ்வொரு பெட்டியும் 603. ஐந்தையும் சேர்த்து நிறுத்தினால் 15 மி.மீ. கூடுதல், 3000 மி.மீ. சுவரில் கடைசிப் பெட்டி நுழையாது. எந்திரம் ஒரு தவறும் செய்யவில்லை. சொன்ன தவறை ஐந்து முறையும் ஒரே துல்லியத்தோடு செய்தது. கையால் செய்யும் ஆசாரியாக இருந்தால் முதல் பெட்டியைப் பூட்டும்போதே அளவுநாடாவை வைத்துப் பார்த்து, இரண்டாவதிலேயே திருத்தியிருப்பார். கைவேலையில் தவறு சில்லறையாக வரும், சில்லறையாகவே தீரும். எந்திரத்தில் அது மொத்தமாக வருகிறது. பார்ட்டிகிள் போர்டு என்றால் நிலைமை இன்னும் கடுமை. ஒருமுறை ஆணி ஏறிக் கழன்ற துளை இரண்டாம் முறை பிடிக்காது. தேக்குச் சட்டத்தில் தவறான துளையை முளையடித்து அடைத்துவிடலாம். இங்கே பலகையையே மாற்ற வேண்டும்.

இதற்கு மறுப்புச் சொல்வோர் உண்டு. கைவேலையில் தவறே இல்லையா என்று கேட்பார்கள். நிறையவே இருந்தது. கோணிய கதவும் இழுத்தால் வராத டிராயரும் நாம் காணாததல்ல. மொத்தக் கணக்கில் எந்திரத்தின் துண்டுகள் பல மடங்கு மேல். நல்ல மென்பொருள் இருந்தால் பலகைத் தடிமனை மாற்றியதும் எல்லா அளவும் தானே மாறிவிடுமே என்பது இன்னும் வலுவான மறுப்பு. அது சரிதான், ஆனால் தடிமன் 19.5 என்று யாராவது அதற்குச் சொல்ல வேண்டும். சொல்ல வேண்டுமானால் அளந்திருக்க வேண்டும். அளக்க வேண்டுமானால் பலகை அளவில் ஏமாற்றும் என்ற அனுபவம் வேண்டும். சுவர் விஷயமும் அதே. பூச்சு வேலை முடிந்த சுவர் மேலே 3000, கீழே 2985 என்று இருப்பது அதிசயமல்ல. குண்டுநூல் பிடித்துப் பழகியவர் மூன்று உயரத்தில் அளந்து, குறைந்ததை எடுத்துக்கொண்டு, மிச்சத்துக்கு ஒட்டுப்பலகை விடச் சொல்வார். லேசர் கருவியோடு போகிற புதியவர் ஒரே ஓர் அளவை எடுத்துவந்து தசமப் புள்ளி வரை எழுதித் தருவார். மென்பொருள் இரண்டையும் ஒரே நம்பிக்கையோடுதான் ஏற்கும்.

வேலை போய்விடுமே என்பது வேறு திசையிலிருந்து வரும் எதிர்ப்பு. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. பலகை அறுத்து, இழைத்து, துளைபோட்டுக் கூலி வாங்கியவர்களின் வேலையைத்தான் இந்த எந்திரம் எடுத்துக்கொள்கிறது. புதிய வேலைகள் பிறக்கும் என்று பொதுவாகச் சொல்லிவிடுவது, ஐம்பது வயதில் உளியைக் கீழே வைப்பவருக்கு ஆறுதல் ஆகாது. ஆனால் மேலே கண்டபடி, தவறு போய்ச் சேர்ந்த இடங்கள் எல்லாம் அவர் அறிவு தேவைப்படும் இடங்களே: வீட்டில் அளவெடுப்பது, வரைபடத்தைச் சரிபார்ப்பது, முதல் பெட்டியைப் பூட்டிப் பார்ப்பது, கடைசியில் சுவரோடு பொருத்துவது. எந்திரத்துக்கு லட்சக்கணக்கில் கொடுக்கும் பட்டறை, வரைபட மேசையில் திரை பார்க்கத் தெரிந்த இளைஞரை மட்டும் உட்கார வைத்துவிட்டு ஆசாரியை வீட்டுக்கு அனுப்புவது கருணையின்மை மட்டுமல்ல, கணக்குத் தெரியாமையும்கூட.

உடம்பின் கணக்கையும் சேர்த்தாக வேண்டும். மரத்தூளை 1995-லும், பலகைப் பசையில் உள்ள ஃபார்மால்டிஹைடை 2004-லும் மதிப்பிட்ட பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, இரண்டையும் மனிதருக்குப் புற்றுநோய் தருவதாக உறுதிப்பட்ட பட்டியலில் சேர்த்திருக்கிறது. ரௌட்டர் பிட் எம்.டி.எஃப். பலகையைத் தொட்டால் எழுவது மாவுபோன்ற நுண்தூள். தூள் உறிஞ்சி பெரும்பாலும் எந்திரத்துக்குத் துணைப்பொருளாகவே பேசப்படுகிறது. விலை பேசும்போது முதலில் குறைக்கப்படுவதும் அதுதான். மூடாக்கும் சரியான உறிஞ்சியும் இருந்தால், கைரௌட்டரைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்பதைவிட இது பாதுகாப்பான முறை. அவை இல்லாவிட்டால், பலர் சேர்ந்து நாள்பூராவும் கிளப்பும் தூளை ஒரே எந்திரம் கிளப்பிவிடும்.

ஆக, நிறைகுறைகளைச் சேர்த்துப் பார்த்தால் நெஸ்டிங் முறை நம் சூழலுக்கு ஏற்றது என்பதே என் முடிவு. வீட்டுக்கு வீடு மாறும் அளவுகளுக்கு இதைவிடப் பொருத்தமான வழி இன்று இல்லை. ஆனால் அதை மதிப்பிட வேண்டிய இடம் பிட் சுழலும் வேகமல்ல, பொருத்தும் மேசையில் திரும்பி வரும் துண்டுகளின் எண்ணிக்கை. தூத்துக்குடியில் சிப்காட்டின் பன்னாட்டு அறைகலன் பூங்காவுக்கு 2022-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. அதுபோன்ற இடங்களில் எந்திரம் இயக்கக் கற்றுத்தருவதோடு, அளவெடுக்கவும் பலகையைச் சோதிக்கவும் கற்றுத்தர ஆசாரிகளையே ஆசிரியர்களாக்க வேண்டும். தொடங்குவதற்குப் பெரிய முதலீடு எதுவும் வேண்டாம். லாரியிலிருந்து பலகை இறங்கிய அன்றே ஒவ்வொரு கட்டிலும் ஒன்றை உருவி, நாலு மூலையிலும் காலிப்பர் வைத்துத் தடிமனைப் பார்த்து, சாக்பீஸால் பலகைமேல் எழுதிவிட வேண்டும். அந்த எண் வரைபட மேசைக்குப் போன பிறகே எந்திரத்தின் பொத்தானை அழுத்த வேண்டும். இந்த ஐந்து நிமிட வேலை நடக்கும் பட்டறையில், கடைசிப் பெட்டியும் சுவருக்குள் நுழையும்.