ஐந்து விதிகளும் ஆய்வுச் சான்றும்

நூலகத்துறையில் தமிழ் மண்ணிலிருந்து உலகிற்குச் சென்ற நூல்களுள் தலையாயது எது என வினவினால், எஸ். ஆர். அரங்கநாதன் ஆங்கிலத்தில் எழுதி, 1931ஆம் ஆண்டில் சென்னை நூலகச் சங்கத்தின் வாயிலாக வெளிவந்த ‘நூலக அறிவியலின் ஐந்து விதிகள்’ என்னும் நூலையே நாம் விடையாகக் கூற வேண்டும். அந்நூலின் பெயரை அறியாத நூலகர் இலர். ஆயின், அதனை முதலிலிருந்து முடிவு வரை படித்தோரைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. விதிகள் ஐந்தும் சுவரில் எழுதி மாட்டத்தக்க அளவில் சுருக்கமாக அமைந்துவிட்டமையால், நூலைத் திறவாமலே அவற்றை ஒப்புவிக்கும் வசதி நமக்கு வாய்த்துவிட்டது.

நூல்கள் பயன்படுவதற்கே உரியவை என்பது முதல் விதியின் கருத்து. வாசகர் எவராயினும் அவர்க்குரிய நூல் அவருக்குக் கிட்ட வேண்டும் என்பது இரண்டாவது. எந்த நூலும் தனக்குரிய வாசகரை அடைய வேண்டும் என்பது மூன்றாவது. வாசகரின் காலத்தை வீணாக்கலாகாது என்று நான்காவது கூறும். நூலகம் வளர்ந்துகொண்டேயிருக்கும் உயிர் என்பது ஐந்தாவது. இவற்றை மறுப்பார் யார்? மறுப்பதற்கு எவரும் இல்லாத இந்நிலையே நம் ஐயத்தின் தோற்றுவாய். யாராலும் மறுக்கப்படாத விதியைச் சோதித்துப் பார்க்கும் எண்ணமும் யாருக்கும் எழுவதில்லை அல்லவா?

1892ஆம் ஆண்டு சீர்காழியில் பிறந்த அரங்கநாதன் கணிதம் பயின்றவர்; கணிதம் பயிற்றியவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்று, அவ்வாண்டிலேயே இலண்டன் சென்று நூலகக் கலை பயின்றார். ஆங்காங்கே நூலகங்களை நேரில் கண்டார். ஒன்றோடொன்று தொடர்பில்லாத நடைமுறைகளை நெட்டுருப் போட்டு வைத்திருப்பதே நூலகக் கல்வி என்னும் நிலை, கணிதம் பழகிய அவருடைய அறிவிற்கு உவப்பாக இல்லை. இத்தனை நடைமுறைகளுக்கும் அடியில் சில மூலக் கருத்துக்கள் இருந்தாக வேண்டும் என்று அவர் உறுதியாக எண்ணினார். 1928ஆம் ஆண்டின் பிற்பகுதியில், கிறித்தவக் கல்லூரியில் தமக்குக் கணிதம் கற்பித்த எட்வர்ட் ராஸ் அவர்களிடம் தம் தவிப்பை வெளியிட்டபோது, முதல் விதிக்கான சொற்களை அப்பேராசிரியரே எடுத்துக் கொடுத்தார் என்பது நூலகத்துறையினர் நன்கறிந்த செய்தி. ஏனைய நான்கும் அதனைத் தொடர்ந்து வந்தன.

நூலின் சிறப்பு இரண்டாம் விதியில்தான் மிளிர்கிறது. ஏழு இயல்களில் மூன்றினை அந்த ஒரு விதிக்கே ஆசிரியர் ஒதுக்கியிருக்கிறார். நூல்கள் ஒரு சிலர்க்கே என்றிருந்த பழைய உலகம், நூல்கள் அனைவர்க்கும் என மாறுவதற்கு நிகழ்த்திய போராட்டத்தை அவர் ஒரு வரலாற்றுக் காவியம் போல விரித்துரைக்கின்றார். மகளிர், சிற்றூர் மக்கள், பார்வையற்றோர், நோயுற்றோர், சிறையில் இருப்போர் ஆகிய எல்லாரும் அங்கே வாசகராக வந்து நிற்கின்றனர். 1931இல், எழுதப்படிக்கத் தெரிந்தோர் மிகச் சிலராயிருந்த ஒரு நாட்டில் இருந்துகொண்டு இவ்வாறு எழுதுவதற்கு எத்தகைய நெஞ்சம் வேண்டும்! 1948இல் சென்னை மாகாணத்தில் நிறைவேறிய பொது நூலகச் சட்டம், இந்தியாவின் மாகாணங்களில் இத்தகைய முதற் சட்டம் என்பதையும், அதன் பின்னணியில் அவருடைய நெடுங்கால முயற்சி இருந்தது என்பதையும் இங்கு நாம் நினைவுகூர்வது தகும்.

இத்துணைச் சிறப்புடைய நூலில் குறை காண்பது எளிதன்று. ஆயினும் குறை ஒன்று உண்டு. விதிகளை உயிருள்ள பாத்திரங்களாக்கி அவற்றைப் பேசவைக்கும் உத்தியை ஆசிரியர் கையாளுகிறார். விதி வாதாடுகிறது, எதிர்ப்போரை இடித்துரைக்கிறது, வெற்றி உலா வருகிறது. படிப்பதற்கு மிக்க சுவை. ஆனால் விதி இத்தனை பேசும் அந்த அரங்கில், வாசகரின் குரல் எங்கே? வாசகருக்கு என்ன வேண்டும் என்பதை விதி சொல்கிறது. வாசகர் எதைத் தேடி வந்தார், எதைப் பெற்றார், எதைப் பெறாமல் திரும்பினார் என்பதைச் சொல்ல அங்கே ஆளில்லை. இரக்கமுள்ள ஒரு வழக்கறிஞர், தம் கட்சிக்காரரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றாமலே வழக்கை நடத்தி முடித்தாற் போன்றது இது.

ஆசிரியர் இதனை அறியாதவரும் அல்லர். 1957இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பில் அறிவியல் முறையைப் பற்றித் தனி இயல் ஒன்றைச் சேர்த்தார். கண்டறிந்த செய்திகளிலிருந்து விதி பிறக்கும். விதியிலிருந்து முடிவுகள் கிளைக்கும். அம்முடிவுகள் மீண்டும் அனுபவ உலகில் சோதிக்கப்படும். இவ்வாறு அறிவு சுழன்று சுழன்று மேலேறும் என்பது அங்கே அவர் காட்டும் முறை. கால் வட்டங்கள் நான்கு கொண்ட இச்சுழற்சியில் முதல் மூன்றினைக் கடந்து வந்த நம் நூலக உலகம், சோதித்துப் பார்க்கும் நான்காம் கால் வட்டத்தின் வாயிலிலேயே நின்றுவிட்டது என்பது நம் கருத்து.

அந்த நான்காம் பகுதிக்குள் துணிந்து நுழைந்தோர் சிலர் உண்டு. அவர்களுள் நம் மனத்தைப் பெரிதும் கவர்வது இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக நூலகம் செய்த ஆய்வு. 1964இல் தொடங்கப்பெற்ற இளம் பல்கலைக்கழகம் அது. மாணவர் தேடிவரும் நூல் அலமாரியில் இருப்பதில்லை என்னும் குறை அங்கும் எழுந்தது. எந்த நூலகரிடம் கேட்டாலும் இதற்கு ஒரே விடைதான்: பணம் தாருங்கள், கூடுதல் படிகள் வாங்குகிறோம். லங்காஸ்டரில் மைக்கேல் பக்லண்டும் அவருடன் பணியாற்றியோரும் இவ்விடையை உடனே ஏற்கவில்லை. நூல் ஒன்று வாசகர் வீட்டில் எத்தனை நாள் தங்குகிறது என்பதை இரவல் பதிவுகளிலிருந்து கணக்கிட்டனர். வெளிப்பட்ட உண்மை வியப்பிற்குரியது. தவணை எத்தனை நாளோ அத்தனை நாள் நூல் வெளியிலேயே தங்குகிறது. தவணை நாள் நெருங்கும்போதுதான் பெரும்பாலோர் நூலைத் திருப்புகின்றனர், அல்லது புதுப்பிக்கின்றனர். நீண்ட தவணை பெற்றவர் நீண்ட நேரம் படிக்கிறார் என்பதற்கு இது சான்றாகாது. நூல் அவர் மேசையில் நீண்ட நாள் உறங்குகிறது என்று கொள்ளவும் இடமிருக்கிறது. நம் இல்லங்களில் உள்ள இரவல் நூல்களை நினைத்துப் பார்த்தால் இதற்கு ஆராய்ச்சியே வேண்டியதில்லை என வாசக அன்பர்கள் புன்னகை புரியக்கூடும்!

ஆயினும் ஆராய்ந்ததால் விளைந்த பயன் வேறு. மிகுதியாகக் கேட்கப்படும் நூல்களை மட்டும் பிரித்தெடுத்து, அவற்றிற்கு ஒரு வாரமே தவணை என்று 1969இல் அந்நூலகம் விதித்தது. ஏனைய நூல்களுக்கு நீண்ட தவணை தொடர்ந்தது. புதிதாக நூல்களை வாங்கிக் குவிக்காமலே, தேடிய நூல் தேடிய அன்றே கிட்டும் வாய்ப்பு உயர்ந்தது. அடுத்து நிகழ்ந்ததுதான் இவ்வரலாற்றின் சாரம். நூல் கிடைக்கிறது என்று அறிந்ததும் கேட்போர் பெருகினர். கேட்போர் பெருகவே, கிடைக்கும் வாய்ப்பு மீண்டும் சரிந்தது. முன்பு ஏமாந்து திரும்பி, பின் வருவதையே விட்டுவிட்டவர் எத்தனை பேர் என்பது இதனாலன்றோ தெரிய வந்தது? 1975இல் பக்லண்ட் எழுதிய நூல் இதனையெல்லாம் விளக்குகிறது. அரங்கநாதனின் இரண்டாம் விதி வாதாடிய வழக்கில், வாசகர் முதன்முறையாகச் சாட்சி கூறினார் என்று இதனை நாம் மதிப்பிடுகின்றோம். அவர் வாய் திறந்து பேசவில்லை. அவருடைய செயலே பேசிற்று.

எண்ணிக்கை எல்லாம் இவ்வாறு நன்மையே பயக்குமோ எனின், இல்லை. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ஆலன் கெண்ட் தலைமையில் நிகழ்ந்த ஆய்வு 1979இல் நூலாக வெளிவந்து பெரும் புயலைக் கிளப்பிற்று. அப்பல்கலைக்கழகம் 1969இல் வாங்கிய நூல்களுள் ஏறத்தாழ 40 விழுக்காடு, 1975 முடிய ஒரு முறையேனும் இரவல் செல்லவில்லை என்பது அதன் முடிபு. மூன்றாம் விதியை நம்பி வாழ்ந்தோர்க்கு இது பேரிடி. அப்பல்கலைக்கழகத்துப் பேராசிரியர்களே ஆய்வு முறையைக் குறைகூறி எழுந்தனர். நூலகத்திற்குள் அமர்ந்து படிக்கப்படும் நூலை இரவல் பேரேடு அறியுமா என்று கேட்டனர். அக்கேள்வி நியாயமானதே. எனினும் அதனாலேயே அந்த எண்ணைத் தள்ளிவிடவும் இயலாது. 2010இல் கார்னெல் பல்கலைக்கழக நூலகம் தன் சேகரிப்பை ஆராய்ந்தபோது, 1990க்குப் பின்னர் வெளிவந்த நூல்களுள் பாதிக்கு மேற்பட்டவை வெளியே செல்லாதிருந்தன.

இங்கே நாம் கவலையோடு நோக்க வேண்டுவது, அந்த எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்கிறோம் என்பதை. எதனை இனி வாங்கலாம் என்பதற்கு அது வழிகாட்டலாம். எதனைக் கழித்து எடைக்குப் போடலாம் என்பதற்கு அதுவே தீர்ப்பாகுமாயின், நம் முன்னோர் அச்சிட்டு வைத்த கிஸ்ஸாக்களும் மசலாக்களும் முனாஜாத்துகளும் முதல் வண்டியிலேயே ஏறிவிடும். அவற்றை ஆண்டுதோறும் இரவல் கேட்பார் யார்? ஆனால் டாக்டர் ம. மு. உவைஸ் அவர்களைப் போல் இலக்கிய வரலாறு எழுதப் புகும் ஒருவர், ஐம்பது ஆண்டுகளுக்கு ஒரு முறை வந்து கேட்டாலும் போதும். அந்நூல் தன் வாசகரை அடைந்துவிட்டது. மூன்றாம் விதியில் காலக்கெடு எதுவும் இல்லை. பாட நூலுக்குப் பொருந்தும் ஆறாண்டு அளவுகோலை அரிய நூலுக்கும் வைப்பது ஆராய்ச்சியன்று; சோம்பல்.

மருத்துவத் துறையில் 1990களின் தொடக்கத்தில், வழக்கத்தையும் மூத்தோர் சொல்லையும் மட்டும் நம்பாது ஆய்வுச் சான்றினைத் தேடி மதிப்பிட்டுச் சிகிச்சை செய்க என்னும் இயக்கம் தோன்றிற்று. மருத்துவ நூலகர்கள் அதற்குத் துணை நின்றவர்கள். அவர்களுள் ஒருவராகிய ஜொனாதன் எல்டிரெட்ஜ் 1997 முதல், நம் தொழிலுக்கும் இம்முறை வேண்டும் என எழுதலானார். 2001இல் ஷெஃபீல்டில் மாநாடு கூடிற்று; 2006இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்திலிருந்து, எவரும் கட்டணமின்றிப் படிக்கத்தக்க தனி ஆய்விதழ் பிறந்தது. நல்ல முயற்சியே. ஆனால் மருந்தைச் சோதிப்பது போல் வாசகரைச் சோதிக்க முடியுமென்று தொடக்கத்தில் சிலர் எண்ணியது மிகை என்றே நமக்குத் தோன்றுகிறது. ஓர் ஊருக்குப் பொருந்திய முடிவு மறு ஊருக்குப் பொருந்தாது போகலாம். ஆய்விதழில் வரும் கட்டுரையும், தன் ஊர் வாசகரைப் பற்றித் தானே திரட்டிய கணக்கும், பழகிய நூலகரின் பட்டறிவும் மூன்றும் ஒருங்கே சான்றுகளாம் எனப் பின்வந்தோர் திருத்திக் கொண்டது பொருத்தமானது.

அபராதத்தைப் பற்றி ஒரு சொல். தாமதமாய் வரும் நூலுக்குத் தண்டம் விதித்தால்தான் நூல் திரும்பும் என்பது உலகெங்கும் நூலகர் நம்பிய கொள்கை. சான் பிரான்சிஸ்கோ பொது நூலகம் 2019இல் தன் கணக்குகளை ஆராய்ந்தது. தவணை தவறுவதில் செல்வர் வாழும் பகுதிக்கும் வறியோர் வாழும் பகுதிக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் தண்டம் கட்ட இயலாமல் நூலட்டை முடக்கப்பட்டோர் வறியோர் பகுதியிலேயே மிகுதி எனக் கண்டது. அவ்வாண்டிலேயே தண்டத்தை நீக்கிற்று. சிகாகோவில் தெற்குப் பகுதியினருள் மூவரில் ஒருவருக்கு நூல் எடுக்கும் உரிமை முடங்கியிருந்தது. வடக்கில் ஆறு பேரில் ஒருவருக்கு. அங்கு 2019 அக்டோபரில் தண்டம் நீங்கியதும், அடுத்த சில வாரங்களில் திரும்பிவந்த நூல்கள் 240 விழுக்காடு மிகுந்தன என அறிவித்தனர். நெடுநாள் தேங்கியவை ஒருசேர வந்தமையால் எழுந்த எண் இது. ஆண்டு முழுவதற்கும் இதனை நீட்டிப் பேசுவது தவறு. இருப்பினும், தண்டம் இல்லையேல் நூலே வராது என்ற அச்சம் ஆதாரமற்றது என்பதைக் காட்ட அது போதுமானது. அரங்கநாதன் தம் இரண்டாம் விதிக்காக வாதாடிய வறிய வாசகர், வாயிற்படியில் எதனால் தடுக்கப்பட்டார் என்பதை எண்ணிப் பார்த்த பின்னரே அந்நகரங்கள் அறிந்தன.

நம் ஊர்ப்புறக் கிளை நூலகங்களில் வாயிலருகே ஒரு பதிவேடு இருக்கிறது. உள்ளே வருவோர் கையொப்பம் இடுகின்றனர். வழங்கப்பட்ட நூல்களுக்கும் கணக்கு உண்டு. வந்தவரும் பெற்றவரும் அங்கே எண்ணப்படுகின்றனர். கேட்டு இல்லையெனத் திரும்பியவர் எண்ணப்படுவதில்லை. அப்பதிவேட்டின் பக்கத்தில் கோடிட்ட நோட்டு ஒன்றை வைத்து, தேடிக் கிடைக்காத நூலின் பெயரை வாசகரே எழுதிவிட்டுச் செல்லுமாறு மூன்று திங்கள் கேட்டுப் பார்க்கலாம். அந்நூல் வாங்கப்படாததா, வெளியே சென்றிருப்பதா, அலமாரியில் இடம் மாறிக் கிடப்பதா என்று நூலகர் நாள்தோறும் அருகே குறித்து வரலாம். முதலாவதாயின் வாங்கும் பட்டியலையும், இரண்டாவதாயின் தவணையையும், மூன்றாவதாயின் அடுக்கும் முறையையும் திருத்த வேண்டியிருக்கும். இதற்குக் கணிப்பொறியும் வேண்டா, மானியமும் வேண்டா.